கோதை சொல்லும் நான்

தெரியுதா, கேக்குதா. காலையிலிருந்து இந்த இரண்டு கேள்விகளைத் தவிர வேறு எதையாவது யாரிடமாவது கேட்டேனா என்பது சந்தேகம்தான். மும்பையில் இருக்கும் ரித்திகாவுக்குத் தெரிகிறது, கேட்கவில்லை. சிங்கப்பூர்க்காரருக்குக் கேட்கிறது, தெரியவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்ற அனுமதி இல்லை என்கிறார். எதையும் ஏற்ற வேண்டாம் சார், நான் அனுப்பிய லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே திறக்கும், மைக்குக்கு அனுமதி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நீங்கள் பேசப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள். இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒருவேளை சொல்கிறேனோ என்னவோ, சொன்னாலும் கேட்பதற்கு வீட்டில் அம்மா ஒருத்திதான். முன்பெல்லாம் எங்களுக்கு வேலை கொடுக்கும் இந்தக் கம்பெனிக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்கி, இதோ நான் உட்கார்ந்திருக்கும் இந்த இருட்டு அறையில் முந்திரிப்பருப்பைக் கொறித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்ப்பார்களாம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய கதை. இப்போது வருவதில்லை. கண்ணாடி மட்டும் இருக்கிறது. வடபழனியில், பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, ஏசி சத்தம் போடும் ஒரு முதல் மாடியில் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்கிறோம், அதற்குப் பெயர் குரூப். கூரையில் மூன்று கேமரா, மேஜை நடுவில் ஒரு மைக், மீதி எல்லாம் நான். இன்றைய குரூப் தரை துடைக்கும் திரவத்தைப் பற்றியது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, சமோசாவைத் தொடுவதா வேண்டாமா என்று யோசித்து, கண்ணாடியைக் கண்டதும் எழுந்து அருகில் வருகிறார்கள். பச்சைச் சுடிதார் போட்டவள் பொட்டைச் சரிசெய்துகொண்டு நேராக என் கண்ணுக்குள் பார்க்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அது முகம் பார்க்கும் கண்ணாடி, அவள் பார்ப்பது அவளை. முதலில் கூச்சமாக இருந்தது, நானும் தலையைத் திருப்பிக்கொள்வேன். இப்போதெல்லாம் டீ குடித்தபடியே பார்க்கிறேன். பழகிவிட்டது என்று சொல்வார்கள், எதுவும் பழகுவதில்லை, கவனிப்பதை விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் பிளைவுட் பெட்டி, டெலிபோன் பூத் அளவுதான் இருக்கும், பாதி கண்ணாடி. அதற்குள் கோதை. உள்ளே தமிழில் பேசுவதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவது அவள் வேலை. பெண்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டாள், அவர்கள் வாய் திறந்ததும் இவளும் திறப்பாள், அவர்கள் மூடிக் கொஞ்ச நேரத்தில் இவளும் மூடுவாள். மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் போவது கோதையின் குரல்தான். அது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க என் இடது காதில் கோதை, வலது காதில் அறை. இரண்டு காதிலும் ஒரே விஷயம், இரண்டு மொழியில், ஒன்று சற்றுப் பிந்தி. மண்டைக்குள் குடித்தனக்காரர்கள் சண்டை போடுவதுபோல இருக்கும். கோதையின் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. நான் என்றால் நான். ஒருமுறை ஷேவிங் கிரீம் குரூப், ஆம்பளைகள், தடித்த மீசைக்காரர் ஒருவர் ‘நான் ரெண்டு நாளைக்கு ஒருதடவதான் சவரம் பண்ணுவேன்’ என்றார், கோதை அதே நிமிடத்தில் தன் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில், நான் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் சவரம் செய்வேன் என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வெளியே வந்ததும் கேட்டேன், ‘அவரு சொல்றாருன்னு ஒரு வார்த்த போட்டுக்கிட்டா என்ன, குறைஞ்சா போயிடுவ?’ ‘போட்டா அவங்க அந்த ஆளப் பாக்க மாட்டாங்க ஜெசி, என்னப் பாப்பாங்க. நான் நடுவுல இருக்கக் கூடாது’ என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வாள். படத்தைப் பார்த்தால் நாக்கு தடுமாறுமாம், காது மட்டும் போதுமாம். மாமியாராகவும் மருமகளாகவும், சர்க்கரை வியாதிக்காரராகவும், முதல் பிள்ளைக்குக் காத்திருப்பவளாகவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தபடியே இருந்துவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் ஆனால் பேசவே மாட்டாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு வருவாள். அவ்வளவு பேருடைய நானைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அவளுடைய நானை எங்கே வைத்திருப்பாள் என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை. தெரியுதா, கேக்குதா, இதற்கு மேல் யாரிடமும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

சுபத்ரா மேடம் உள்ளே போய்விட்டார். குரூப்பை நடத்துவது அவர். வணக்கம் சொல்லி, இங்க சரி தப்புன்னு எதுவும் இல்ல, மனசுல பட்டதச் சொல்லுங்க என்று எப்போதும்போல ஆரம்பிக்கிறார். நான் ‘லைவ்’ பட்டனை அழுத்துகிறேன். சிவப்புப் புள்ளி. என் திரையில் இப்போது மூன்று டேப் திறந்திருக்கிறது. ஒன்று குரூப். இரண்டாவது, பின்னால் காட்டவேண்டிய விளம்பரப் படம். மூன்றாவது வீடு. வீடு என்றால் பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே நான் மாட்டிவைத்த கேமரா. ஹால், மொசைக் தரை, நாற்காலி, வாசல் கதவு. கதவுக்கு முன்னால் அம்மா. காலையில் நான் வெளியே பூட்டிவிட்டு வருகிறேன். பூட்டி ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேன், படியிறங்கி மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்க்கிறேன், கேஸ் வால்வை மூடினேனா என்று வழியெல்லாம் நினைக்கிறேன். மத்தியானம் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா இன்னொரு சாவியால் திறந்து சோறு கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். பூட்டுவது யாருக்கும் பிடித்துச் செய்கிற காரியமில்லை. போன மழைக்காலத்தில் அம்மா ஒரு சாயங்காலம் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார், செருப்பில்லை, நைட்டியின் மேல் ஒரு டவல். எங்கம்மா போன என்று கத்தினேன். கூட்டிட்டு வரப் போனேன் என்றாள். யாரை? மேலே கிடந்த டவலை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அப்பாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருவார், நினைவு அங்கே போய் நின்றுவிட்டது, அப்படித்தான் ஆகுமாம், டாக்டரும் சொன்னார். அன்றிலிருந்து பூட்டு. கூட்டிட்டு வரப் போனேன். சில நேரம் குரூப் நடுவில் அந்த வார்த்தை வந்து மாட்டிக்கொள்ளும், மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது.

பிற்பகல் ஆனால் அம்மா கதவருகில் போய் நின்றுவிடுவாள். இதோ நிற்கிறாள். உதடு அசைகிறது. ஜெபமாலை சொல்கிறாள். முன்பும் இந்த நேரத்தில்தான் சொல்வாள், வேலையெல்லாம் முடித்துவிட்டு, கையில் மணியை உருட்டிக்கொண்டு. இப்போது கையில் மணி இல்லை, விரல்கள் மட்டும் கதவின்மேல் ஊர்கின்றன. அதற்கென்ன, மணி இருந்தால்தான் ஜெபமா. ‘உங்கம்மா கதவுகிட்ட நின்னு என்னமோ பேசிக்கிட்டே இருக்காங்கடி’ என்று ஸ்டெல்லா அக்கா ஒருமுறை சொன்னாள். ‘ஜெபமாலைக்கா’ என்றேன். ‘அப்படியா’ என்றாள், என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். வீட்டு டேபின் சத்தம் என் ஹெட்போனுக்கு வராதபடி நான் வைத்திருக்கிறேன். இருப்பது இரண்டு காது, இரண்டும் வாடகைக்குப் போய்விட்டன. படம் போதும். நிற்கிறாளா, விழவில்லையா, அவ்வளவுதான் வேண்டும். ரித்திகாவுக்கு எட்டுப் பெண்கள் எப்படியோ எனக்கு அம்மா அப்படி, நானும் தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு வாடிக்கையாளர், மைக்குக்கு அனுமதி கேட்டால் வேண்டாம் என்று சொல்பவள். கேமராவில் பேசுகிற வசதியும் உண்டு, ஒரு பட்டனை அழுத்தினால் என் குரல் அங்கே கேட்கும். மாட்டிய புதிதில் ஒருமுறை அழுத்தி அம்மா என்றேன். சுவர் சுவராகத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு தொடவில்லை.

‘எலுமிச்ச வாசன வந்துச்சுன்னா வீடே பளிச்சுன்னு ஆயிட்டாப்ல ஒரு ஃபீலிங் மேடம்’ என்கிறாள் பச்சைச் சுடிதார். சற்றுப் பிந்தி இடது காதில் கோதை தன் வீடே பளிச்சென்று ஆனதுபோல உணர்கிறாள். ‘எங்க மாமியாருக்கு ஃபினாயில் நாத்தம் அடிக்கணும் மேடம், இல்லன்னா நான் தொடச்சதாவே ஒத்துக்க மாட்டாங்க’ என்று இன்னொருத்தி. எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்து சமோசாவுக்குக் கை நீட்டும்போது கோதை முடிக்கிறாள், அப்புறம்தான் ரித்திகா சிரிப்பு முகம் ஒன்றை அனுப்புகிறாள். உலகத்துக்கே எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. நம்மிடம் இப்போது நடப்பது அவர்களிடம் இன்னும் நடக்கவில்லை, அந்த இடைவெளியில் நான் மட்டும் இருக்கிறேன். பெரிய விஷயம்போல இதை ஒருநாள் கோதையிடம் சொன்னேன், அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, உனக்கு வெண்டைக்காய் வேணுமா என்றாள். சிங்கப்பூர்க்காரருக்கு இப்போது தெரிகிறது, ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைகிறதாம். தரத்தைக் குறைக்கிறேன். இப்போது பரவாயில்லையா. பரவாயில்லை. நான் எந்தத் திரவத்தில் வீட்டைத் துடைக்கிறேன்? கடையில் எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் அழுத்தித் துடைக்கிறேன், அம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று சொட்டு ஈரம் இல்லாமல் துணியால் மறுபடி துடைக்கிறேன், விடியற்காலையில் முட்டி போட்டு. அம்மா கதவிலிருந்து நகரவில்லை. இன்று விரல் மட்டுமல்ல, உள்ளங்கையால் தட்டுகிறாள்போல இருக்கிறது. ஈ விரட்டுகிறாளோ.

‘இப்ப ஒரு சின்ன படம் போடப் போறோம், பாத்துட்டு என்ன தோணுதோ சொல்லுங்க’ என்கிறார் சுபத்ரா மேடம். அறையில் உள்ள டிவியில் விளம்பரத்தை அவரே பென் டிரைவில் போட்டுக்கொள்வார். அதே படத்தைத் தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவது என் வேலை. குரூப் பக்கத்தில் ‘பகிர்’ என்பதைத் தட்டினால், எந்த டேப் என்று கேட்டுத் தபால்தலை அளவில் சின்னச் சின்னப் படங்களைக் காட்டும். சத்தத்தோடு என்று ஒரு கட்டம், அதில் டிக் போட மறந்தால் ஊமைப்படம் ஓடும், போட்டால் கோதையின் காதுக்கும் அறைக்குப் பதில் அந்தச் சத்தம்தான் போகும், மறக்கவில்லை. ஒரு ஹால், பளபளக்கும் தரை, மூடிய கதவு. தட்டிவிட்டேன். அறையில் டிவி ஓடுகிறது, எட்டுப் பெண்களும் வாயைத் திறந்து பார்க்கிறார்கள், என்ன அழகாகப் பார்க்கிறார்கள், விளம்பரத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் வீட்டில் பார்ப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் ஓய்வு. ஹெட்போனின் வலது பக்கத்தை இறக்கிக் காதைத் தேய்த்துக்கொள்கிறேன், டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கிறது. இடது காதில் கோதை. யாராவது இருக்கிறீர்களா, என்கிறாள் ஆங்கிலத்தில், கதவு திறக்க மாட்டேன் என்கிறது. என்ன விளம்பரம் இது. நான் காலையில் பார்த்தபோது இப்படி ஒரு வசனம் இல்லையே, குழந்தை ஜூஸைக் கொட்டும், தாய் சிரிப்பாள், பாட்டு வரும். ஐயா, கொஞ்சம் திறந்துவிடுங்கள், நான் உள்ளே இருக்கிறேன். கோதை ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறாள், சவரம் செய்த அதே குரல். சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. புது விளம்பரம் அனுப்பியிருப்பார்களோ, திகில் படம்போல எடுப்பதுதான் இப்போது நாகரிகம். சாட்டில் ரித்திகாவின் எழுத்து வந்து விழுகிறது: இது யார் வீட்டில் எடுத்த வீடியோ? மிக இயல்பாக இருக்கிறது. தரை நன்றாகச் சுத்தமாக இருக்கிறது, இந்த அம்மா எதைப் போட்டுத் துடைக்கிறார் என்று கேட்க முடியுமா?

தரை. மொசைக் தரை. விளம்பரத்தில் வெள்ளை மார்பிள். பகிர்ந்திருப்பது எந்த டேப் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, கண் பார்க்கத்தான் மறுத்தது. மூன்றாவது டேபின் தலையில் நீலக் கோடு. எங்கள் வீடு மும்பையில் ஓடிக்கொண்டிருக்கிறது, சிங்கப்பூரில் ஓடிக்கொண்டிருக்கிறது, கேமராவின் சத்தம் முழுக்கக் கோதையின் காதில் இறங்கிக்கொண்டிருக்கிறது, எதிலே வந்தால் என்ன, தமிழ் வந்தால் அவள் சொல்லிவிடுவாள், கண்ணை மூடியிருக்கிறாள். நிறுத்து என்று ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு தட்டு. தவறுதலாகப் போய்விட்டது, மன்னிக்கவும், இதோ விளம்பரம் என்று சொன்னால் முடிந்தது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அதிகம் போனால் முதலாளி கத்துவார். விரல் அதன்மேல் இருக்கிறது. அம்மாவின் உதடு அசைகிறது, கொஞ்சம் பிந்திக் கோதை சொல்கிறாள், அம்மாவின் தமிழ் ஆங்கிலமாகி வந்து என் தலைக்குள் மறுபடி தமிழாகிறது, மாதக்கணக்காக ஜெபமாலை என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் வந்து சேர்கிறது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பாள். சின்னப் பிள்ளை, பயந்துபோவாள். என் மகள் வெளியே நிற்கிறாள், நான் உள்ளே இருக்கிறேன், யாராவது திறந்துவிடுங்கள். அப்பா இல்லை. அப்பாவை இல்லை. கூட்டிட்டு வரப் போனது என்னை. ஐந்தாவது படிக்கும்போது பஸ்ஸில் வந்து இறங்குவேன், அந்தப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருப்பாள், கையில் டவல் வைத்திருப்பாள், மழை வந்தால் என் தலை நனையக் கூடாது. என்னைக் கூட்டிக்கொண்டு வரத் தினமும் கிளம்பியவளை நான்தான் தினமும் பூட்டி, ஒருதரத்துக்கு இரண்டுதரம் இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

நிறுத்து பட்டனிலிருந்து விரலை எடுத்து வீட்டு டேபுக்குப் போனேன். ஓரத்தில் மைக் படம். அழுத்தினேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ‘அம்மா, நான் ஜெசி’ என்றேன். அம்மா கதவைத் தட்டுவதை நிறுத்தினாள். ‘இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ்மா. பஸ்ஸுல வரல, டீச்சரே கொண்டாந்து விட்டுடுவாங்க. நீ போய் உக்காரு. கால் வலிக்கும்.’ என் குரல் பெரம்பூருக்குப் போய், ஹாலில் ஒலித்து, அந்தக் கேமரா வழியாகவே திரும்பி வந்து கோதையிடம் சேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் சொல்ல ஆரம்பித்தாள், அம்மா, நான் ஜெசி, இன்று எனக்குச் சிறப்பு வகுப்பு, என்று என் நானையும் எடுத்துச் சொன்னவளின் குரல் பாதியில் இடறியது. ஆனாலும் முடித்தாள். அறையில் டிவி அணைந்துவிட்டது, பெண்கள் ஏதோ பேசுகிறார்கள், மேடம் கண்ணாடியைப் பார்த்து என்னவோ சைகை செய்கிறார், அவருக்கு அவர்தான் தெரிவார். அம்மா சுவரைத் தடவவில்லை. கேமரா பக்கம் திரும்பவும் இல்லை. கதவோடு கதவாகக் காதை வைத்துக் கேட்டாள், குரல் வெளியிலிருந்துதானே வர வேண்டும். முகம் தளர்ந்தது. போய் உட்காருவாள், இதோ நாற்காலிக்குத் திரும்பப் போகிறாள், சுலபமாக முடிந்துவிட்டதே, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே, இனி தினமும் இந்த நேரத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஒரு பட்டன்தான், குரூப் நடுவிலும் சொல்லலாம் என்று என் புத்தி அதற்குள் கணக்குப் போட்டது. அம்மாவின் உதடு அசைந்தது. சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன். நாற்காலி இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. கதவின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

இடது காதில் ஒன்றும் வரவில்லை. கோதை பிந்துவாள், ஆனால் இவ்வளவு பிந்த மாட்டாள். லைன் போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் போகும் மைக்கை அணைத்தாள், ஹெட்போனைக் கழற்றினாள், பிளைவுட் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து தமிழில் சொன்னாள். ‘மெதுவா வான்னு சொல்றாங்க ஜெசி. ரோடு பாத்து வருவியாம். நீ வர்ற வரைக்கும் அவங்க கதவுகிட்டயே நிப்பாங்களாம்.’

அவங்க. அவள் வாயில் அந்தச் சொல்லை வேலை நேரத்தில் நான் கேட்டதே இல்லை. சாட்டில், படம் தெரிகிறது, மொழிபெயர்ப்பு கேட்கவில்லை என்று ரித்திகா எழுதியிருந்தாள். பகிர்வை நிறுத்தினேன். பையை எடுத்து உள்ளே கைவிட்டுத் துழாவினேன், சாவி இருந்தது.